பஜாருக்கு வந்த புதுத் தண்டல்

எங்கள் பஜாரில் தண்டல் கடன் வாங்காத கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பூக்காரம்மா, பழவண்டிக்காரர், செல்போன் கவர் விற்கும் பையன், எதிர்வரிசைப் பாத்திரக்கடை என்று எல்லாரும் எப்போதாவது வாங்கியவர்கள்தான். நானும்தான். அரக்கோணத்தில் தையல் சாமான் கடை வைத்திருக்கிறேன். நூல்கண்டு, கொக்கி, ஜிப், லைனிங் துணி, புடவைக்கு ஃபால்ஸ், லேஸ். ஒரு ஃபால்ஸ் வாங்க வருகிறவர் கடையிலிருக்கிற பச்சை எல்லாவற்றையும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் புடவைய எடுத்தாந்து பாக்கறேங்கா" என்று போகிற வியாபாரம்.

தண்டல் கணக்கு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பேச்சு 10,000 ரூபாய். கையில் தருவது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரத்து ஐநூறுதானே என்று தோன்றும். ஆனால் மறுநாளிலிருந்தே அசல் கரைய ஆரம்பித்துவிடுகிறது. ஐம்பதாவது நாளில் வாங்கினதில் பாதிதான் நம்மிடம் இருக்கும், வட்டியோ முழுப்பணத்துக்கும் முதல் நாளே பிடித்தாயிற்று. வருஷக் கணக்குக்குக் கொண்டுவந்தால் 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. காமர்ஸ் படித்த என் தங்கை மகன் எக்செல்லில் போட்டுக் காட்டியபோது, அவன் எங்கேயோ ஒரு பூஜ்யத்தைக் கூடச் சேர்த்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

தெரிந்தும் வாங்குகிறோம். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது சரக்கு இறக்கவில்லை என்றால் அந்த வருஷமே போச்சு. தண்டல்காரர் பத்திரம் கேட்கமாட்டார், ஜாமீன் கேட்கமாட்டார். ஒரு சின்ன அட்டை, அதில் நூறு கட்டம், தினமும் ஒரு கட்டத்தில் அவர் கையெழுத்துக் கிறுக்கல். அவ்வளவுதான் ஆவணம். அந்த அட்டை கல்லாவில் சில்லறைத் தட்டுக்கு அடியில் கிடக்கும்.

போனில் பணம் வாங்குகிற யுபிஐயைப் பற்றி எழுத உட்கார்ந்து தண்டலை ஏன் சொல்கிறேன் என்றால், பேப்பர்காரர்கள் யுபிஐ பற்றி எழுதும்போதெல்லாம் எத்தனை கோடிப் பரிவர்த்தனை என்று மட்டும்தான் எண்ணுகிறார்கள். 2016 ஏப்ரலில் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தபோது தொடங்கியது, 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடி பரிவர்த்தனை, 2025 ஆகஸ்டில் 2,000 கோடி. பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கல்லாவில் உட்கார்ந்து பார்க்கிற எனக்கு, பணம் வாங்குகிற விதம் மாறியதைவிடக் கடன் வாங்குகிற விதம் மாறியதுதான் பெரிதாகத் தெரிகிறது. அதைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

முதலில் யுபிஐயின் க்யூஆர் அட்டை என் கடைக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுச் செல்லாது என்று அறிவித்த பிறகு எங்கள் பஜார் கொஞ்ச நாள் செத்துக் கிடந்தது. அப்போதும் நான் யுபிஐ வைக்கவில்லை. கையில் பட்டன் போன். கார்டு தேய்க்கிற மெஷின் வைக்கலாமா என்று விசாரித்தால், அதற்கு வாடகை, தேய்க்கிற ஒவ்வொரு தொகையிலும் ஒரு பங்கு வங்கிக்கு என்றார்கள். ஐந்து ரூபாய் ஊசிப் பாக்கெட்டில் நான் யாருக்குப் பங்கு தருவது?

கொரோனா ஊரடங்கு தளர்ந்த சமயத்தில் டை கட்டின ஒரு தம்பி பஜார் முழுக்க ஏறி இறங்கினான். "அக்கா, ஃப்ரீக்கா. அஞ்சு பைசா கிடையாது." ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம் மூன்றையும் போனில் படம் எடுத்தான். கண்ணாடி ஷோகேஸில் க்யூஆர் அட்டையை ஒட்டினான். டீ கூட வாங்கிக் குடிக்கவில்லை, அடுத்த கடைக்குப் போய்விட்டான்.

அவன் சொன்னது பொய் இல்லை. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐயில் வாங்கும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கக்கூடாது என்று அரசாங்கமே விதி போட்டிருந்தது. நான் 12 ரூபாய் வாங்கினால் 12 ரூபாயும் என் கணக்குக்கு வருகிறது. சரி, அப்படியானால் அந்தத் தம்பிக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்? அட்டை அடிக்கிற செலவு? இதை நான் அப்போது யோசிக்கவில்லை, பஜாரில் வேறு யாரும் யோசிக்கவும் இல்லை. வியாபாரி வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு, சும்மா கொடுக்கிறவன் எதில் சம்பாதிக்கிறான் என்ற கேள்வி முதல் நாளே வந்திருக்க வேண்டும்!

பதில் இரண்டு தவணையாக வந்தது. முதல் தவணை ஸ்பீக்கர் பெட்டி. போலி ஸ்க்ரீன்ஷாட் காட்டிவிட்டுப் போகிற ஆட்கள் பெருகியதும் அது இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது. மாதம் நூற்றுச் சொச்சம் வாடகை. அது நல்ல சாமான், குறை சொல்லமாட்டேன். நான் பரண்மேல் ஏறி லைனிங் ரோல் எடுத்துக்கொண்டிருந்தாலும் கீழே எவ்வளவு வந்தது என்று தமிழில் சொல்லிவிடும்.

அது சத்தமாகச் சொல்வதுதான் சிக்கல். எங்கள் தண்டல்காரர் சாயங்காலம் வருவார். வியாபாரம் படுத்த நாளில் "இன்னைக்கு ஒண்ணும் ஓடலண்ணா, நாளைக்குச் சேத்து வாங்கிக்குங்க" என்று சொல்வது வழக்கம். ஒருநாள் அப்படிச் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்துத் தெரு டெய்லர் பெண் வீட்டிலிருந்தே பழைய பாக்கியை அனுப்பிவிட்டாள். கணீரென்று, ஆயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய் பெறப்பட்டது என்றது பெட்டி. அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "பொட்டி சொல்லிடுச்சேம்மா" என்று அட்டையை நீட்டினார்.

பெட்டி சொல்வது தண்டல்காரர் காதில் மட்டும் விழவில்லை. அதைக் கொடுத்த கம்பெனிக்கு என் கடையில் எந்தக் கிழமை எவ்வளவு ஓடுகிறது, ஆடித் தள்ளுபடியில் எவ்வளவு, மாதக் கடைசியில் எவ்வளவு என்று எல்லாம் தெரியும். எனக்கே அப்படித் தெரியாது. அதுதான் இரண்டாவது தவணை. 2023 தீபாவளிக்கு முன்னால் போனில் ஒரு செய்தி வந்தது: உங்களுக்கு ஒரு லட்ச ரூபாய் கடன் தயார், மாதம் 2 சதவீதம் மட்டுமே, ஆவணம் தேவையில்லை. அட்டை ஒட்டின கம்பெனி கடன் தருவதில்லை. அது வெறும் வாசல். உள்ளே இருப்பது பெயரே கேள்விப்படாத ஒரு வங்கிசாரா நிதி நிறுவனம், விலாசம் மும்பை. இலவச அட்டைக்குப் பின்னாலிருந்த வியாபாரம் இதுதான்.

நான் எடுத்தேன். ஓடிபி வந்தது, கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினேன், பணம் வந்துவிட்டது. வாடிக்கையாளர் ஒருவர் பட்டன் பொறுக்கி முடிப்பதற்குள் காரியம் முடிந்தது. திருப்பிக் கட்டுகிற விதத்தைப் பார்த்தபோதுதான் சிரிப்பு வந்தது. தினம் 400 ரூபாய், ஞாயிறு நீங்கலாக, 310 நாள். க்யூஆரில் வருகிற பணத்திலிருந்து அவர்களே பிடித்துக்கொண்டு மீதியைக் கணக்கில் போடுவார்கள். தண்டலேதான்! அட்டையும் கிறுக்கலும் மட்டும் இல்லை. பெங்களூரிலோ மும்பையிலோ உட்கார்ந்து யோசித்தவர்கள் எங்கள் பஜாரை நன்றாகத்தான் படித்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை மொத்தமாகக் கட்டு என்றால் எங்களால் முடியாது, தினம் கொஞ்சம் என்றால் கட்டிவிடுவோம் என்று தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

மாதம் 2 சதவீதம் என்பது உண்மையில் எவ்வளவு? முழு அசலுக்கும் கடைசிவரை 2 சதவீதம், ஆக மொத்தம் கட்டுவது 1,24,000. அதற்குமேல் பரிசீலனைக் கட்டணம் 3 சதவீதம், அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி. கையில் வந்தது 96,460. தங்கை மகனிடம் கொடுத்தேன், வருஷத்துக்கு 50 சதவீதத்துக்கு மேல் வருகிறது என்றான். வேடிக்கை என்னவென்றால், அந்த எண் கடன் தாளிலேயே இருந்தது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி டிஜிட்டல் கடனுக்கு விதிமுறை கொண்டுவந்தது. எல்லாச் செலவும் சேர்த்த வருஷ வட்டியை ஒரு தாளில் தெளிவாகக் காட்டவேண்டும், பணம் நேராகக் கடன் வாங்குகிறவர் கணக்குக்கு வரவேண்டும், போனிலிருக்கிற நம்பர்களைத் தொடக்கூடாது, வேண்டாம் என்றால் திருப்பிக்கொடுக்கச் சில நாள் அவகாசம் தரவேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. தாளில் தெளிவாகத்தான் போட்டிருந்தார்கள். போன் திரையில் அதைத் திறக்கத்தான் மூன்று இடத்தில் அமுக்க வேண்டும், கடன் வாங்க அமுக்குகிற பச்சை நிறப் பொத்தானோ முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆக, தண்டலில் 120, இதில் 50. பாதிக்கும் குறைவு. இதை நான் கொள்ளை என்று சொல்லத் தயாரில்லை. கொள்ளை என்றால் என்ன என்று எங்கள் பஜாருக்குத் தெரியும். முந்தின வருஷங்களில், எனக்குத் தைத்துக்கொடுக்கிற ஒரு பெண் ஏதோ ஒரு செயலியில் ஐயாயிரமோ என்னவோ கடன் வாங்கினாள், அந்தச் செயலிக்காரர்கள் அவள் போனில் இருந்த அத்தனை பேருக்கும் அவள் படத்தை அனுப்பி அசிங்கப்படுத்தினார்கள். எனக்கும் வந்தது அந்த மெசேஜ். அவள் ரொம்ப நாள் கடைப்பக்கமே வரவில்லை, நூல் வாங்கக்கூடப் பிள்ளையைத்தான் அனுப்புவாள். போன் நம்பர்களைத் தொடக்கூடாது என்ற விதி எதற்காக வந்தது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

என் கடனில் யாரும் கத்தவில்லை, வீட்டு வாசலில் நிற்கவில்லை. ஆனால் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. சென்னை தண்ணீரில் கிடந்தது, சென்ட்ரலிலிருந்து ரயில் இல்லை, எங்கள் பக்கமும் மழை. கடை திறந்தும் ஈ ஓட்டினேன். வந்த கொஞ்சநஞ்ச யுபிஐ பணம் முழுக்கத் தவணைக்கே போய்விட்டது, போதாத தொகை மறுநாளைத் தவணையில் சேர்ந்துகொண்டது, தாமதக் கட்டணம் தனி. கால் சென்டருக்குப் போன் செய்தேன். தமிழில் பேச 2ஐ அழுத்தினால் ஒரு பெண் பேசினாள், பாவம், நல்ல பெண்தான். "மேம், அது சிஸ்டம் ஆட்டோமேட்டிக்கா எடுத்துக்கும் மேம்." அதே வாரத்தில் தண்டல்காரர் பூக்காரம்மாவிடம் வந்து, தண்ணி வடியட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனதை என் காதால் கேட்டேன். வட்டி 120 வாங்குகிற மனுஷன்தான். அவருக்கு மழை தெரிகிறது.

இதனால் தண்டலே மேல் என்று நான் சொல்கிறதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே மனுஷன் மழை விட்ட பிறகு எப்படிப் பேசினார் என்பதும் எனக்குத் தெரியும். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்ததே சும்மாவா?

ஆண்கள் பேசும்போது விட்டுவிடுகிற இன்னொன்று, போன் யார் கையில் என்பது. 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்குக்கு வர ஆரம்பித்தது. அதை ஒட்டின நாட்களில் என் கடையில் கூட்டம் வித்தியாசமாக இருக்கும். ப்ளவுஸ் துணிக்கு லைனிங், பாப்பாவுக்கு லேஸ் என்று வருவார்கள். பணம் இவள் கணக்கில், செயலி இருக்கிற போன் புருஷன் பாக்கெட்டில். "அவுருக்கு போன் போட்டு அனுப்பச் சொல்றேங்கா" என்று கடையிலேயே நின்று கெஞ்சுகிறவர்கள் உண்டு. சிலர் ஏடிஎம் கார்டை மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள், முழுசாக எடுத்து நோட்டாகத்தான் செலவு செய்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான். செயலியில் செலவு செய்தால் எங்கே எவ்வளவு என்று அவன் பார்த்துவிடுவான். வேறு சிலர் தலைகீழ், எனக்கு ஐநூறு அனுப்பிவிட்டு "கேஷா குடுங்கக்கா" என்பார்கள். கல்லாவில் இருந்தால் கொடுப்பேன். பாதி நாள் நான்தான் ஏடிஎம்.

நோட்டு ஒழிந்துவிடும் என்று சொன்னவர்கள் இதையெல்லாம் பார்க்க வேண்டும். 2016 நவம்பரில் நாட்டில் புழங்கிய நோட்டு சுமார் 18 லட்சம் கோடி ரூபாய். 2024 மார்ச்சில் 34 லட்சம் கோடிக்கு மேல். யுபிஐயும் ஏறியது, நோட்டும் ஏறியது. நாங்கள் சரக்கெடுக்கிற ஹோல்சேல் வியாபாரத்தில் அது அப்பட்டமாகத் தெரியும். முன்பு நான் சரக்கெடுக்க மின்சார ரயிலில் போகும்போது பணத்தை உள்பாவாடைப் பையில் வைத்து ஊக்குப் போட்டுக்கொண்டு, மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கி சௌகார்பேட்டை போய்ச் சேரும்வரை கையை இடுப்பிலிருந்து எடுக்கமாட்டேன். இப்போது அந்தப் பயம் இல்லை, போன்தான். ஆனால் 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்துச் சின்னக் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதே, பெங்களூரில் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு 'கேஷ் மட்டும்' என்று எழுதி மாட்டினார்களே, அந்தச் செய்தி வந்த வாரம் நான் வழக்கமாக வாங்கும் ஹோல்சேல் கடையிலும் "பாதி கேஷ், பாதி ஜிபே பண்ணுங்கம்மா" என்றார்கள். வருஷத்துக்கு 40 லட்சம் தாண்டினால்தான் சாமான் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். என் கடை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. பயம் என்னவோ எனக்கும் வந்தது, பொய் சொல்வானேன்.

பேரேட்டையும் நான் விடவில்லை. 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, நாடு முழுக்க யுபிஐ படுத்துக்கொண்டதே, அன்றைக்குக் கடையில் ஐந்தாறு பெண்கள், யார் கையிலும் நோட்டு இல்லை. பழைய கடன் நோட்டை எடுத்துப் பெயரும் தொகையும் எழுதி அனுப்பினேன். எல்லாம் வந்து சேர்ந்தது.

என் எதிரில் நிற்கிற பழவண்டிக்காரர் என்னைவிடச் சாமர்த்தியமாக நடந்துகொண்டார். தெருவோர வியாபாரிகளுக்காக 2020ல் வந்த ஸ்வாநிதி திட்டத்தில், நகராட்சி கொடுத்த வியாபாரி அட்டையை வைத்து முதலில் 10,000, அதைக் கட்டிய பிறகு 20,000, பிறகு 50,000 என்று வங்கியிலிருந்தே வாங்கினார். வட்டியில் 7 சதவீதத்தை அரசாங்கம் திருப்பித் தருகிறது. யுபிஐயில் பணம் வாங்கியதற்கு அப்போது மாதம் நூறு ரூபாய் வரை ஊக்கத்தொகை வேறு கிடைத்தது. தண்டலை அவர் விட்டு நாளாயிற்று. நான் தெருவில் இல்லையே, நாலு சுவருக்குள் இருக்கிறேன், அதனால் எனக்கு அது கிடையாது. எனக்கு முத்ரா, சின்ன வியாபாரிகளுக்கு வங்கி வழியாகத் தருகிற அரசாங்கத் திட்டக் கடன்.

போன வருஷம் முத்ராவுக்கு ஒரு வங்கிக்குப் போனேன். என் போனில் ஒவ்வொரு நாள் வரவும் இருக்கிறது, தேதி வாரியாக, பைசா வாரியாக. இதே வரவை வைத்துத்தானே அந்தக் கம்பெனி கண் சிமிட்டுகிற நேரத்தில் ஒரு லட்சம் கொடுத்தது? மேனேஜர் போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டு வருஷம் ஐடி ரிட்டர்ன் இருக்கா? உத்யம் சர்ட்டிபிகேட்? கடைக்கு வாடகை ஒப்பந்தம்?" உத்யம் என்பது சின்னத் தொழில்களுக்கான அரசாங்கப் பதிவு. 2021லேயே அக்கவுண்ட் அக்ரிகேட்டர் என்று ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. நாம் சம்மதம் கொடுத்தால் ஒரு வங்கியிலிருக்கிற நம் கணக்கு விவரத்தை இன்னொரு வங்கி நேராகப் பார்க்கலாம், ஜெராக்ஸ் தேவையில்லை. அதைச் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் இருக்கும்மா, நீங்க பேப்பர கொண்டாங்க" என்றார். வட்டி கேட்டேன், பன்னிரண்டுக்குள் வரும் என்றார். ஐம்பதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு கட்டு ஜெராக்ஸ்தான். சின்ன வியாபாரியின் வரவுக் கணக்கு அவளுடைய சொத்து என்று மேடையில் பேசுகிறவர்கள், அந்தச் சொத்தை அதிக வட்டி கேட்கிறவன் மட்டும்தான் மதிக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உத்யம் பதிவு செலவில்லாமல் ஆன்லைனில் நானே செய்துவிட்டேன். வாடகை ஒப்பந்தம் கேட்டால் கடை ஓனர் முகம் சுருங்கியது, ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டார். ஒரு வருஷ ரிட்டர்ன் போட்டாயிற்று, இன்னொன்று ஆடிட்டர் மேஜையில் இருக்கிறது. இந்தத் தீபாவளிக்குள் முடியாது என்றார். போனில் பச்சைப் பொத்தான் மறுபடியும் வந்துவிட்டது, இந்தத் தடவை ஒன்றரை லட்சம். அதை அமுக்காமல், சரக்கைப் பாதியாகக் குறைத்து, ஓடுகிற லைனிங் கலர் மட்டும் எடுப்பது என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். மஸ்டர்ட், மெரூன், ராமர் பச்சை. மீதிக் கலர் கேட்கிறவர்களுக்கு பொங்கலுக்குச் சொல்லலாம்.